பத்தாயிரம் டாலரின் நிறம்

லொரெய்ன் ஹான்ஸ்பெரி எழுதிய ‘எ ரெய்சின் இன் தி சன்’ நாடகத்தில் யங்கர் என்ற கறுப்பினக் குடும்பமே தபால்காரருக்காகக் காத்திருக்கிறது. கூலி வேலை செய்தே தேய்ந்து இறந்துபோன பெரிய வால்டரின் ஆயுள் காப்பீட்டுப் பணம், 10,000 டாலர், காசோலையாக வரவேண்டும். அவர் மனைவி லீனாவுக்கு அதில் ஒரு வீடு வாங்க ஆசை. ஒரு வெள்ளைக்கார முதலாளிக்குக் காரோட்டும் மகன் வால்டர் லீக்கு மதுக்கடை வைத்து முதலாளியாக வேண்டும். மகள் பெனீத்தா மருத்துவம் படிக்க வேண்டும். வீட்டு வேலைக்குப் போகும் மருமகள் ரூத்துக்கு, இப்போதிருக்கும் இடத்தை விட்டு வெளியேறினால் போதும். 1959 மார்ச் 11 அன்று நியூயார்க்கின் ஈத்தல் பேரிமோர் அரங்கில் திரை உயர்ந்தபோது, கறுப்பினப் பெண் ஒருவர் எழுதி பிராட்வேக்கு வந்த முதல் நாடகமாக அது இருந்தது. 530 காட்சிகள் ஓடியது. அன்றிலிருந்து இன்றுவரை பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் அதற்குச் சொல்லப்படும் விளக்கம் ஏறக்குறைய ஒன்றுதான்: ஆளுக்கொரு கனவு, கனவுக்கொரு சண்டை, பணத்தை இழந்த பிறகு மானத்தை மீட்டுக்கொள்ளும் ஒரு மகன். இதில் தவறு ஏதுமில்லை. ஆனால் அந்தப் பத்தாயிரத்துக்கு, கதை நடக்கும் சிகாகோவில் என்ன கிடைக்கும் என்ற எளிய கேள்வியை இந்த விளக்கம் கேட்பதே இல்லை. அதைக் கேட்டுப் பார்த்தால், வால்டரின் பேராசையும் லீனாவின் பிடிவாதமும் பின்னுக்குப் போய், சிகாகோ நகரின் தென்பகுதியில் அரை நூற்றாண்டாக நடந்த ஒரு சந்தை முன்னுக்கு வரும். அந்தச் சந்தையில் ஒரே டாலருக்கு இரண்டு மதிப்பு இருந்தது. கை வெள்ளையாக இருந்தால் ஒன்று, கறுப்பாக இருந்தால் வேறொன்று. யங்கர் குடும்பத்தின் சண்டையை மூட்டியது அந்த வித்தியாசம்தான்.

மேடையில் தெரியும் வீட்டிலிருந்தே தொடங்கலாம். அதற்கு இருப்பது ஒரே ஒரு சின்ன ஜன்னல், அதுவும் சமையல் மூலையில். அதன் வழியே வரும் சொற்ப வெளிச்சத்தில்தான் லீனா ஒரு தொட்டிச் செடியை உயிரோடு வைத்திருக்கிறார். வால்டரும் ரூத்தும் படுக்கும் அறை, அந்தக் கட்டடம் புதிதாக இருந்த காலத்தில் காலையுணவு சாப்பிடும் அறையாக இருந்திருக்கும் என்கிறது மேடைக்குறிப்பு. அவர்களின் பையன் டிராவிஸுக்கு முன்னறை சோபாதான் படுக்கை. பெரியவர்கள் பேசி முடிக்கும்வரை அவனால் தூங்க முடியாது. குளியலறை வெளியே நடையில் இருக்கிறது, பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் சேர்த்து. காலையில் யார் முந்துவது என்பதில்தான் அந்த வீட்டின் ஒவ்வொரு நாளும் தொடங்குகிறது. தமிழில் இதற்கு ஒண்டுக்குடித்தனம் என்று பெயர். கல்யாணமாகி இரண்டே வாரத்தில் இங்கே குடிவந்ததாகவும், ஒரு வருடத்துக்கு மேல் இருக்க நினைக்கவில்லை என்றும், சிறுகச் சிறுகச் சேர்த்து மார்கன் பார்க் பக்கம் ஒரு வீடு வாங்குவதாக இருந்ததாகவும் லீனா சொல்கிறார். அவருடைய மகனுக்கு இப்போது வயது முப்பத்தைந்து. ஒரு வருடம் எப்படித் தலைமுறையாக நீண்டது? ஊதாரித்தனமோ சோம்பலோ அந்தக் குடும்பத்தில் இல்லை. ஆளுக்கு ஆள் உழைத்திருக்கிறார்கள். விடையை வீட்டுக்கு வெளியேதான் தேட வேண்டும்.

1910-இல் சிகாகோவில் கறுப்பினத்தவர் சுமார் 44,000 பேர். தெற்கு மாநிலங்களின் பருத்தி வயல்களையும், அங்கிருந்த கொலைக்கும்பல்களையும் விட்டு ரயிலேறி வந்தவர்களால் அந்தத் தொகை 1920-இல் 1,09,000 ஆனது. 1930-இல் 2,33,000-ஐத் தாண்டியது. 1950-இல் 4,92,000-ஐத் தொட்டது. இறைச்சித் தொழிற்சாலைகளும் எஃகு ஆலைகளும் ஆட்களை எடுத்துக்கொண்டன. ஆனால் அவர்கள் குடியிருக்க விடப்பட்ட இடமோ நகரின் தெற்கே ஒரு குறுகலான நீளத் துண்டு. ஆள் பதினொரு மடங்கு பெருகியபோது நிலம் அதற்கேற்ப விரியவில்லை. விரிய முயன்ற இடங்களில் குண்டு வெடித்தது. 1917 ஜூலைக்கும் 1921 மார்ச்சுக்கும் இடையில் கறுப்பினத்தவரின் வீடுகள் மீதும், அவர்களுக்கு வீடு விற்றவர்கள் மீதும் 58 குண்டுகள் வீசப்பட்டன. 1919 ஜூலையில், மிச்சிகன் ஏரிக்கரையில் வெள்ளையர் பக்கம் மிதந்துபோன ஒரு சிறுவன் கல்லடிபட்டு மூழ்கி இறந்ததில் தொடங்கிய கலவரத்தில் 38 பேர் உயிரிழந்தனர்.

குண்டு வைப்பது சட்டவிரோதம். பத்திரம் எழுதுவது அப்படியல்ல. இனவாரியாக நகரைப் பிரித்துச் சட்டம் போடும் உரிமை நகராட்சிகளுக்கு இல்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1917-இல் தீர்ப்பளித்தது. அரசு செய்யக்கூடாததைத் தனியார் ஒப்பந்தம் செய்யலாமே என்று வீட்டுமனைத் தரகர்கள் வேறு வழி கண்டார்கள். ஒரு தெருவின் உரிமையாளர்கள் ஒன்றுகூடி, தங்கள் வீட்டைக் கறுப்பினத்தவருக்கு விற்கவோ வாடகைக்கு விடவோ மாட்டோம் என்று எழுதிக் கையெழுத்திட்டுப் பதிவு செய்தார்கள். நம்மூர் மொழியில் சொன்னால், நிலத்தோடு ஒட்டிப் போகும் ஒரு வில்லங்கம். 1926-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தட்டிக் கேட்க மறுத்தது. அடுத்த ஆண்டே சிகாகோ வீட்டுமனை வாரியத்துக்காக ஒரு மாதிரிப் பத்திரம் தயாரானது. வாஷிங்டன் பார்க் பகுதியில் பதிவான பத்திரத்தில் ஒரு விலக்கு உண்டு. வீட்டு உரிமையாளரிடம் வேலை பார்க்கும் கறுப்பின ஜானிட்டர்களும், காரோட்டிகளும், வீட்டு வேலைக்காரர்களும், வேலையில் இருக்கும்வரை, நிலவறையிலோ பின்கட்டுக் கொட்டகையிலோ வேலையாள் அறையிலோ தங்கிக்கொள்ளலாம். வால்டர் லீ காரோட்டி. ரூத் வீட்டு வேலைக்காரி. பத்திரம் உள்ளே வர அனுமதித்த அதே தொழில்கள்தான் அவர்களுக்கு. கறுப்பு உடம்பு அருகில் இருப்பதல்ல வெள்ளைத் தெருவின் பயம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. உடம்பு வரலாம், வீட்டுச் சாவி மட்டும் சொந்தமாக இருக்கக்கூடாது.

இடத்துக்கு வேலி போட்டால் உள்ளே இருப்பதன் விலை ஏறும் என்பது எந்தச் சந்தைக்கும் பொருந்தும் பாடம். அது எப்படி ஏறியது என்பதை எழுத்தாளர் ரிச்சர்ட் ரைட் 1941-இல் வெளிவந்த தன் புத்தகத்தில் ஒரு கணக்காகவே போட்டுக் காட்டினார். வெள்ளையர் மாதம் 50 டாலருக்குக் குடியிருந்த ஏழு அறை வீட்டைக் கட்டட முதலாளி ஏழாகத் தடுக்கிறார். ஒவ்வொரு தடுப்புக்குள்ளும் ஒரு அடுப்பும் ஒரு தொட்டியும் வைத்து, ‘கிச்சனெட்’ என்று பேர் சொல்லி, ஒவ்வொன்றையும் வாரம் 6 டாலர் என்று கறுப்பினக் குடும்பங்களுக்கு விடுகிறார். வாரத்துக்கு 42 டாலர். நாலு வாரத்தில் 168. கழிப்பறை ஒன்றே, குழாய் அதேதான், கூரையும் அதேதான். வருமானம் மட்டும் மூன்று மடங்குக்கு மேல். எலியும் கரப்பானும் இதில் கணக்கில்லாத சேர்க்கை. நாடகத்தில் பெனீத்தா சனிக்கிழமை காலையில் சுவரெங்கும் பூச்சிமருந்து அடிக்கும் காட்சி ஏதோ ஏழ்மையை அலங்கரிக்க வைத்தது போலத் தோன்றும். உண்மையில் வாடகைப் பணம் எதற்குப் போகவில்லை என்பதைக் காட்டும் காட்சி அது. சந்தையில் அதிக விலை கொடுப்பவருக்கு நல்ல சரக்கு என்ற நியாயம் தென்பகுதியில் தலைகீழாகக் கிடந்தது. அதிகம் கொடுத்தவர்களுக்குத்தான் அழுகல் கிடைத்தது.

காப்பீட்டுப் பணமும் இந்த ஓட்டையிலிருந்து தப்பவில்லை. 1881-இல் புருடென்ஷியல் நிறுவனம் கறுப்பினத்தவருக்கு ஒரு புது விதி அறிவித்தது: வாரச் சந்தா வெள்ளையருக்கு எவ்வளவோ அவ்வளவே; ஆனால் இறந்தால் கிடைக்கும் தொகை மூன்றில் ஒரு பங்கு குறைவு. இந்தப் பாகுபாட்டுக்கு எதிர்வினையாகத்தான் கறுப்பினத்தவரே நடத்தும் காப்பீட்டு நிறுவனங்கள் வளர்ந்தன. சிகாகோவில் அப்படி வளர்ந்தது சுப்ரீம் லிபர்ட்டி லைஃப். சமையல்காரிகளும் ஆலைத் தொழிலாளிகளும் வாராவாரம் கட்டிய சில்லறைக் காசு அங்கே மூலதனமாகச் சேர்ந்தது. ஒரு கூலித் தொழிலாளிக்குப் பத்தாயிரம் டாலருக்குப் பாலிசி இருக்குமா என்று சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமே. வாரச் சந்தா பாலிசிகள் பெரும்பாலும் அடக்கச் செலவுக்கான சில நூறு டாலரோடு நின்றுவிடும். நாடகாசிரியர் தொகையைப் பெருக்கியிருக்கிறார் என்றே வைத்துக்கொள்வோம். அப்படிப் பெருக்கியும் என்ன நடக்கிறது என்று பாருங்கள். 1950-களின் இறுதியில் சராசரிக் கறுப்பினக் குடும்பம் மூன்று ஆண்டுக்கு மேல் உழைத்தால் கிடைக்கும் பணம் ஒரே காகிதத்தில் வந்து சேர்கிறது. ஆனாலும் ஒரு வீடு, ஒரு படிப்பு, ஒரு கடை என்ற மூன்று சாதாரண ஆசைகளுக்கு அது போதவில்லை. தொகை பெரிதாக இருப்பதே வாதத்துக்கு வலு சேர்க்கிறது.

இப்போது லீனா எடுக்கும் முடிவைப் பார்க்கலாம். யாரிடமும் சொல்லாமல் போய் 3,500 டாலர் முன்பணம் கட்டி, கிளைபோர்ன் பார்க் என்னும் வெள்ளையர் பகுதியில் ஒரு வீட்டைப் பேசி முடித்துவிட்டு வருகிறார். அந்தப் பகுதி கற்பனை. ஆனால் அவர் சொல்லும் காரணம் கற்பனையில்லை. கறுப்பினத்தவருக்கென்று தொலைவில் கட்டித்தரும் வீடுகள் மற்ற வீடுகளைப் போல இரு மடங்கு விலை சொல்கின்றன, கையிலிருக்கும் பணத்துக்குள் நல்லதாகக் கிடைத்தது இது ஒன்றுதான் என்கிறார். வெள்ளையரோடு கலந்து வாழும் லட்சியம் எதுவும் அவர் வாயில் வரவில்லை. கடைத்தெருவில் நாலு கடை ஏறி இறங்கிய பெண்ணின் பேச்சு அது. அவர் சொன்னதன் பின்னே ஒரு பெரிய இயந்திரம் இருந்தது. 1934-இல் தொடங்கப்பட்ட மத்திய வீட்டுக்கடன் நிர்வாகம், வங்கிகள் தரும் வீட்டுக்கடனுக்கு அரசு உத்தரவாதம் தந்தது. சாதாரண அமெரிக்கர் குறைந்த முன்பணத்தில் வீடு வாங்க முடிந்தது அதனால்தான். ஆனால் கறுப்பினத்தவர் வாழும் பகுதிகளை அந்த நிர்வாகம் ஆபத்தான கடன் என்று ஒதுக்கியது; இனத்தடைப் பத்திரம் இருக்கும் தெருவைப் பாதுகாப்பான முதலீடு என்று அதன் கையேடே பரிந்துரைத்தது. வங்கிக் கதவு மூடிய இடத்தில் வேறொருவன் கடை விரித்தான்.

அவன் விற்றது ‘கான்ட்ராக்ட்’ வீடு. கறுப்பினத்தவர் குடிவருவார்கள் என்று பயந்துபோன வெள்ளைக்காரரிடம் அடிமாட்டு விலைக்கு வீட்டை வாங்கி, சில வாரங்களிலேயே கறுப்பினக் குடும்பத்துக்கு ஏற்றிய விலைக்கு விற்பான். வாங்குபவர் முன்பணம் கட்டுவார், மாதத் தவணை கட்டுவார், வரி கட்டுவார், கூரை ஒழுகினால் அவரே சரிசெய்வார். கிரயப் பத்திரம் மட்டும் கடைசித் தவணை வரை விற்றவன் பெயரில் இருக்கும். ஒரே ஒரு தவணை தவறினால் போதும், அதுவரை கட்டிய அத்தனையும் போச்சு. அந்த வீடு மறுபடி இன்னொரு குடும்பத்துக்குப் போகும். வீட்டுக்காரரின் எல்லாப் பாரமும் உண்டு, வாடகைக்காரருக்கு இருக்கும் பாதுகாப்புகூடக் கிடையாது. 1950-களிலும் 60-களிலும் சிகாகோவில் கறுப்பினத்தவர் வாங்கிய வீடுகளில் முக்கால் பங்குக்கு மேல் இப்படித்தான் கைமாறின. அந்தக் காலத்துப் பத்திரங்களை ஆயிரக்கணக்கில் புரட்டி 2019-இல் வெளிவந்த ஆய்வொன்று, விற்றவர்கள் தாங்கள் வாங்கிய விலைக்கு மேல் சராசரியாக 84 சதவீதம் ஏற்றியிருந்ததாகக் கணக்கிட்டது. இரு மடங்கு விலை என்று லீனா சொன்னது கிழவியின் புலம்பல் இல்லை. நாடகாசிரியர் தன் ஊரின் விலைப்பட்டியலைத் தெரிந்து எழுதியிருக்கிறார்.

மகனின் முடிவை நியாயப்படுத்துவது இதைவிடக் கடினம். தாய் மிச்சமிருந்த 6,500 டாலரை நம்பிக் கொடுத்தார். அதில் 3,000-ஐ தங்கையின் படிப்புக்கு வங்கியில் போடச் சொன்னார். வால்டர் எல்லாவற்றையும் வில்லி ஹாரிஸ் என்ற கூட்டாளியிடம் கொடுத்தான். வில்லி பணத்தோடு மாயமானான். ஊருக்குள் எத்தனை அநியாயம் இருந்தாலும், தங்கையின் பணத்தைத் தூக்கிக் கொடுத்தது வால்டரின் சொந்தத் தவறுதானே என்று கேட்பார்கள். ஆம், அவன் தவறுதான். நாடகமும் அவனை விடுவிக்கவில்லை. ஆனால் அந்த மோசடி வேலை செய்த விதத்தைக் கவனிக்க வேண்டும். மூன்று பேர் தொடக்க முதலீடாக ஆளுக்குப் பத்தாயிரம் போட்டு, 75,000 டாலர் பெறுமான கடையை எடுப்பது திட்டம். மது விற்க உரிமம் சீக்கிரம் கிடைக்க வேண்டுமானால் மாநிலத் தலைநகர் ஸ்பிரிங்ஃபீல்டில் சிலரைக் கவனிக்க வேண்டும். லஞ்சத்துக்கு ரசீது கிடையாது. கூட்டாளியிடம் ரொக்கமாகக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பதுதான் வழி. வங்கிக் கடன் கிடைக்கும் ஒருவன் கூட்டுப் பத்திரமும் வழக்கறிஞரும் கணக்குப்பிள்ளையும் வைத்துத் தொழில் தொடங்குவான். வால்டருக்கு இருந்தது ஆள்பழக்கம் மட்டுமே. கடன் கொடுக்கும் நிறுவனங்கள் ஒரு சமூகத்துக்கு வாசலை அடைத்தால், அங்கே நம்பிக்கை ஒன்றே செலாவணியாகும். ஏமாற்றுபவனுக்கு அதைவிட வசதி வேறில்லை. முதல் காட்சியில் ரூத் இல்லையென்று சொன்ன ஐம்பது சென்ட்டை வால்டர் வீறாப்பாக மகனுக்குக் கொடுத்து, மேலே இன்னொரு ஐம்பதும் கொடுக்கிறான். பிறகு வேலைக்குப் போக பஸ் காசு இல்லாமல் அதே ரூத்திடம் வந்து நிற்கிறான். மகன் கண்ணில் தகப்பன் சிறுத்துவிடக்கூடாது என்ற தவிப்புதான் ஐம்பது சென்ட்டிலும் இருந்தது, ஆறாயிரத்து ஐந்நூறிலும் இருந்தது.

தாயும் மகனும் எதிரெதிர்த் துருவங்கள் என்று சொல்வது வழக்கம். ஆனால் இருவரும் ஒரே ஓட்டையை அடைக்கப் பார்க்கிறார்கள். செலவில் ஏமாற்றம் நடக்காத இடத்துக்குப் போய்விட வேண்டும் என்பது தாயின் கணக்கு. வரவைப் பெருக்கிக்கொண்டால் ஏமாற்றத்தையும் தாங்கலாம் என்பது மகனின் கணக்கு. இரண்டிலும் புத்தி உண்டு, இரண்டிலும் ஆபத்தும் உண்டு. இந்த இடத்தில்தான் மூன்றாவது கணக்கோடு ஒருவர் கதவைத் தட்டுகிறார்: கிளைபோர்ன் பார்க் முன்னேற்றச் சங்கத்தின் பிரதிநிதி கார்ல் லிண்ட்னர். மரியாதையாகப் பேசுகிறார். நீங்கள் அங்கே வராமல் இருந்தால், கொடுத்ததற்கு மேல் லாபம் வைத்து வீட்டைச் சங்கமே வாங்கிக்கொள்ளும் என்கிறார். இவர் ஏன் வழக்கறிஞர் அறிவிப்போடு வராமல் காசோலைப் புத்தகத்தோடு வந்தார்? 1948 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம், இனத்தடைப் பத்திரங்களை நீதிமன்றங்கள் அமல்படுத்தக்கூடாது என்று தீர்ப்பளித்திருந்தது. அதற்கு முன்னால் சங்கங்கள் வழக்குப் போட்டே குடும்பங்களை வெளியேற்றின. பின்னால் அவற்றுக்கு மிஞ்சியது இரண்டு கருவிகள்: பணம், கல். வாழ்நாளெல்லாம் வெள்ளையர் சந்தையில் கூடுதல் விலை கொடுத்த குடும்பத்துக்கு, முதல்முறையாக ஒரு வெள்ளைக்காரர் லாபம் தர வருகிறார்; வராமல் இருப்பதற்கான கூலியாக.

லிண்ட்னரின் மென்மைக்குப் பின்னால் இருந்த கல் எப்படிப்பட்டது என்பதை சிகாகோவை ஒட்டிய சிசரோ நகரம் 1951-இல் காட்டியது. முன்னாள் படைவீரரும் பேருந்து ஓட்டுநருமான ஹார்வி கிளார்க், மனைவி, இரண்டு குழந்தைகளோடு தென்பகுதியில் ஒரு இரண்டறை வீட்டின் பாதியில் இருந்தார். மறுபாதியில் ஐந்து பேர் கொண்ட வேறொரு குடும்பம். அந்தப் பாதிக்கு மாத வாடகை 56 டாலர். சிசரோவில் ஐந்தறை வீடு 60 டாலருக்குக் கிடைத்தது. கூட நாலு டாலர் கொடுத்தால் ஐந்து அறை. இந்த ஒரு சோடி எண்ணில் தென்பகுதியின் வரலாறு முழுவதும் அடங்கிவிடுகிறது. ஜூலையில் அவர்கள் குடிபோனபோது சில ஆயிரம் பேர் கூடினார்கள். வீட்டுச் சாமான்களை ஜன்னல் வழியே எறிந்தார்கள். பிள்ளைக்கு வாங்கிய பியானோவும் அதில் போனது. மாநில ஆளுநர் தேசியக் காவல்படையை அனுப்பவேண்டி வந்தது. முதலில் கூடிய உள்ளூர் கிராண்ட் ஜூரி குற்றஞ்சாட்டியது கலவரக்காரர்களை அல்ல. கிளார்க் குடும்பத்துக்கு உதவிய வழக்கறிஞரையும், வீட்டை வாடகைக்கு விட்டவர்களையும். நாடகத்தில் பக்கத்து வீட்டு ஜான்சன் அம்மாள், வெள்ளையர் பகுதியில் குண்டு வீசப்பட்ட செய்தியுள்ள நாளிதழைக் கையோடு கொண்டுவரும் காட்சி ஒன்று உண்டு. மேடையேற்றங்களில் பெரும்பாலும் வெட்டப்பட்டுவிடும். அதை வெட்டினால் கடைசிக் காட்சியின் புன்னகை இலகுவாகிவிடுகிறது. சேர்த்துப் பார்த்தால் மூட்டை கட்டும் கைகளின் நடுக்கமும் தெரியும்.

நாடகாசிரியருக்கு இதெல்லாம் கேள்வி ஞானம் அல்ல. அவர் தந்தை கார்ல் ஹான்ஸ்பெரி 1937-இல் வாஷிங்டன் பார்க் பகுதியில், தெற்கு ரோட்ஸ் அவென்யூ 6140-ஆம் எண் வீட்டை வாங்கினார். தடைப் பத்திரத்தைக் காட்டி அவர் மீது வழக்குப் போட்டார்கள். வெளியே கூட்டம் கூடியது. உள்ளே வந்து விழுந்த கல்லில் ஏழு வயது லொரெய்ன் மயிரிழையில் தப்பினார். தந்தை வழக்குக்காக அலைந்துகொண்டிருக்க, தாய் இரவெல்லாம் ஜெர்மன் கைத்துப்பாக்கியோடு வீட்டைக் காத்ததைப் பின்னாளில் ஒரு கடிதத்தில் அவர் எழுதினார். வழக்கில் வந்த உண்மை வேடிக்கையானது. தெருமுகப்பில் 95 சதவீதத்துக்கு உரியவர்கள் கையெழுத்திட்டால்தான் அந்தத் தடைப் பத்திரம் செல்லும். உண்மையில் கையெழுத்துப் போட்டவர்கள் பங்கு சுமார் 54 சதவீதம்தான். இருந்தும், முந்தைய ஒரு வழக்கில் இரு தரப்பும் நிபந்தனை நிறைவேறியதாக ஒப்புக்கொண்டுவிட்டதால் அது எல்லோரையும் கட்டும் என்று இலினாய் மாநில நீதிமன்றங்கள் சொல்லின. 1940 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளியது. ஆனால் இனத்தடை சரியா தவறா என்பதைத் தொடவில்லை. தான் பங்கேற்காத வழக்கு ஒருவரைக் கட்டாது என்ற நடைமுறைக் காரணத்தோடு நிறுத்திக்கொண்டது. ஹான்ஸ்பெரிக்கு வீடு கிடைத்தது, நியாயம் பாதிதான் கிடைத்தது. அவர் 1946-இல் மெக்சிகோவில் இறந்தார். அமெரிக்காவை விட்டே குடும்பத்தோடு போய்விடும் ஏற்பாட்டில் இருந்தார்.

இங்கே ஒரு கடுமையான ஆட்சேபம் எழும். கார்ல் ஹான்ஸ்பெரி ஏழையல்ல. வீடுகளைக் கிச்சனெட்டுகளாகத் தடுத்து வாடகைக்கு விட்டே வளர்ந்த முதலாளி. ‘கிச்சனெட் ராஜா’ என்றே அவருக்குப் பெயர். ஐந்து வயதில் கிறிஸ்துமஸ் பரிசாக வெள்ளை ஃபர் கோட் போட்டுப் போய், சக பிள்ளைகளிடம் அடிவாங்கிய செல்வந்தர் மகள் லொரெய்ன். பூச்சிமருந்து வாசம் வீசும் வீட்டைப் பற்றி அவர் எப்படிச் சாட்சி சொல்வார்? எனக்கு இந்த ஆட்சேபம் வாதத்தை உடைப்பதாகத் தோன்றவில்லை, இறுக்குகிறது. வேலி போட்ட சந்தையில் கறுப்பின மூலதனமும் அந்த வேலியிலேயே லாபம் பார்க்கவேண்டியிருந்தது. அப்படிச் சேர்த்த பணத்தைக் கொண்டுதான் கார்ல் வேலியை உடைக்க வழக்காடினார். ரோட்ஸ் அவென்யூ வீட்டுக்கு அடமானக் கடன் கொடுத்தது எந்த வெள்ளை வங்கியும் அல்ல, முன்னே சொன்ன சுப்ரீம் லிபர்ட்டி லைஃப். வழக்கில் அதுவும் ஒரு பிரதிவாதி. ஒண்டுக்குடித்தனவாசிகள் சாவை நினைத்துக் கட்டிய சந்தாப் பணம் ஒரு குடும்பத்தை வெள்ளைத் தெருவில் குடிவைத்தது. இறந்தவரின் காப்பீடு வீடாக மாறும் நாடகக் கதை, ஆசிரியரின் பிள்ளைப் பருவத்தில் இன்னொரு வடிவில் ஏற்கெனவே நடந்திருக்கிறது. வாடகை வாங்கும் கையையும் கல் வாங்கும் நெற்றியையும் ஒரே வீட்டில் பார்த்தவரை விடச் சரியான சாட்சி யார்?

கவிஞர் அமிரி பராகா எழுப்பிய ஆட்சேபம் வேறு வகை. வெள்ளையர் பகுதிக்குக் குடிபோகத் தவிப்பது நடுத்தர வர்க்கத்து ஆசை, போராட்டமல்ல என்று முதலில் ஒதுக்கினார்; கால் நூற்றாண்டு கழித்து 1980-களில் தன் மதிப்பீடு தவறு என்று அவரே எழுதினார். விலைப்பட்டியலைப் பக்கத்தில் வைத்துப் படித்தால் இந்தக் குழப்பமே வராது. லீனா தேடுவது வெள்ளையரின் அண்டை அல்ல, சரியான விலை. அது வெள்ளையர் தெருவில் மட்டும் கிடைக்கும்படி செய்தவர்கள் வேறு யாரோ. இன்னொரு பக்கம், இதை இத்தனை ஊர், ஆண்டு, வாடகை என்று கட்டிப்போட்டால் எல்லா மனிதருக்குமான கதை சுருங்கிவிடாதா என்று ரசிகர்கள் வருத்தப்படுவார்கள். ஹான்ஸ்பெரியே இதற்குப் பதில் சொல்லியிருக்கிறார்: எல்லோருக்கும் பொதுவானதை எழுத வேண்டுமானால் ஒன்றை மட்டும் மிக நுணுக்கமாகக் கவனிக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. கனவு எல்லா ஊரிலும் ஒன்றாக இருக்கலாம். அதன் விலை ஊருக்கு ஊர் வேறு. விலையை அழித்துவிட்டுக் கனவை மட்டும் பாடமாக நடத்தினால், தோற்றவனின் குணத்தைத்தான் குறைசொல்லத் தோன்றும்.

நாடகத்தின் முடிவில் வால்டர், லிண்ட்னரின் பணத்தை மகன் முன்னிலையில் மறுத்துவிடுகிறான். சாமான்கள் இறங்குகின்றன. எல்லோரும் போனபின் லீனா திரும்பி வந்து செடித்தொட்டியை எடுத்துக்கொள்கிறார். அரங்கம் கைதட்டும் இடம் இது. கணக்கையும் ஒருமுறை பார்த்துவிடலாம். புது வீட்டின் தவணை மாதம் 125 டாலர் என்று ரூத் சொல்கிறாள். வில்லி கொண்டுபோன 6,500 டாலர் அப்படியே இருந்திருந்தால் 52 மாதத் தவணை. நாலு ஆண்டுக்கு மேல் மூச்சுவிட்டிருக்கலாம். இப்போது நான்கு பேரின் உடம்புதான் முதல். அதில் ஒருத்தி கர்ப்பிணி, ஒருவர் ஓய்வெடுக்கவேண்டிய வயதில் இருக்கிறார், ஒருத்தியின் படிப்புப் பணம் போய்விட்டது. சிகாகோவின் சமையலறைகளிலெல்லாம் வேலை செய்வேன், குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டாவது தரை துடைப்பேன் என்று ரூத் கெஞ்சுவது இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகுதான். அந்த நகரின் இதுபோன்ற குடும்பங்கள் பல இதே கணக்கில் சறுக்கின. சறுக்கியும் விடாதவர்கள் 1968-இல் நகரின் லாண்டேல் பகுதியில் கான்ட்ராக்ட் வாங்கியோர் சங்கம் அமைத்து, தவணையை நிறுத்திவைத்து, நூற்றுக்கணக்கான ஒப்பந்தங்களைத் திருத்த வைத்தார்கள். வீட்டுச் சந்தையில் இனப் பாகுபாட்டைத் தடைசெய்யும் மத்தியச் சட்டம் வந்ததும் அந்த ஆண்டுதான். ஹான்ஸ்பெரி அதைப் பார்க்கவில்லை. 1965 ஜனவரியில், முப்பத்து நான்கு வயதில் இறந்திருந்தார். ரோட்ஸ் அவென்யூ வீடு 2010-இல் நகரின் நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. யங்கர் குடும்பத்தைப் பற்றிச் சொல்ல அப்படி ஒன்றும் இல்லை. அவர்களுடைய முதல் தவணை நாள் வருவதற்குள் திரை விழுந்துவிடுகிறது.